பத்து நிமிடப் பொறுமை

ரமளான் மாதத்துப் பின்னிரவு ஒன்றை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். மணி மூன்றே முக்கால். ஊர் உறங்குகிறது. முதலில் ஒரு வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிகிறது. அடுத்து அதன் அண்டை வீட்டில். நான்கு மணிக்குள் தெரு முழுவதும் விழித்துக் கொள்கிறது. ஒரு வீட்டில் துவையல் அரைக்க மிக்ஸி ஓடுகிறது. இன்னொரு வீட்டில் தொட்டி வறண்டுவிட்டதென்று மோட்டாரைப் போடுகிறார்கள். வேறொரு வீட்டில் குழம்பைச் சூடாக்க மின் அடுப்பு. இரவு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் ஏ.சி.யை யாரும் நிறுத்துவதில்லை, பிள்ளைகள் உறங்குகிறார்களே! நாலே கால் மணிக்குத் தெருக்கோடியிலிருந்து ‘டப்’ என்று ஓர் ஓசை. தெரு இருளில் மூழ்குகிறது.

இது கற்பனையன்று. 2022ஆம் ஆண்டில், சித்திரை வெயிலும் ரமளானும் சேர்ந்து வந்த நாட்களில், திருச்சி பாலக்கரைப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் நடந்தது. லைன்மேன் வந்தார். மின்மாற்றியில் எரிந்துபோன பியூஸை மாற்றினார். வெளிச்சம் வந்தது. ஒரு நிமிடம் ஆவதற்குள் மறுபடியும் ‘டப்’. இரண்டாம் முறையும் மாற்றினார். இரண்டாம் முறையும் அதே கதி. தெருவில் கூடி நின்ற நாங்கள் யார் யாரையோ குறைகூறிக் கொண்டிருந்தோம்.

அப்போது எதிர் வீட்டுக்காரர் பதற்றத்தோடு வாசலுக்கு வந்தார். அவர் நம் சமுதாயத்தைச் சார்ந்தவர் அல்லர். ஆனால் நீண்ட நாளைய அண்டை வீட்டார். அவருடைய தாயார் ஆக்சிஜன் கருவியின் துணையோடு மூச்சு விடுபவர். “இன்வெர்ட்டர் இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்று தெரியவில்லை” என்றார். ஸஹர் உணவு ஆறிவிடுமே என்று கவலைப்பட்டுக் கொண்டிருந்த எங்கள் அனைவர் வாயும் அடைத்துப் போயிற்று.

அன்று எங்கள் தெருவில் மின்சாரம் எப்படி நிலைத்தது என்பதைப் பின்னர் சொல்கிறேன். ஒரே நேரத்தில் எல்லோரும் கை நீட்டினால் மின்சாரம் ஏன் தடுமாறுகிறது என்பதை முதலில் பார்ப்போம். அது தெரிந்தால்தான் அந்த விடியலில் நாங்கள் கற்ற பாடம் உங்களுக்கும் விளங்கும்.

குதிரில் கொட்டி வைக்க முடியாத பண்டம்

நெல்லைக் குதிரில் சேமிக்கலாம். தண்ணீரைத் தொட்டியில் நிரப்பலாம். மின்சாரமோ, பெருமளவில் அப்படிச் சேமித்து வைக்கும் பண்டமன்று. நீங்கள் சுவிட்சைப் போடுகிற அந்தக் கணத்தில் உங்கள் விளக்குக்கு வேண்டிய மின்சாரம் எங்கோ ஒரு மின்நிலையத்தில் அதே கணத்தில் உற்பத்தியாக வேண்டும். மின்கலன்களில் சேமிக்கும் முறை இப்போது வளர்ந்து வருகிறது. எனினும் ஒரு மாநிலத்தின் தேவையோடு ஒப்பிட்டால் அது கைப்பிடி அரிசியே.

மின்நிலையங்களில் பெரும் உருளைகள் ஒரே சீரான வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்கின்றன. அவற்றின் வேகமே நம் மின்சாரத்தின் நாடித் துடிப்பு. இந்தியாவில் அந்தத் துடிப்பு நொடிக்கு 50 முறை. அதைத்தான் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் என்கிறோம். மேட்டில் ஏறும் மாட்டுவண்டியில் திடீரென்று நான்கு மூட்டைகளை ஏற்றினால் மாடுகளின் நடை தளர்வது போல, தேவை திடீரென ஏறினால் உருளைகளின் வேகம் சற்றே தளர்கிறது, அதிர்வெண் இறங்குகிறது. தேவை திடீரென விழுந்தால் வேகம் கூடி, அதிர்வெண் ஏறுகிறது. இரண்டுமே ஆபத்து.

இந்தத் துடிப்பு 49.90 முதல் 50.05 வரையிலான குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பது இந்திய மின் கட்டமைப்பின் விதி. எல்லையை விட்டு மிகவும் கீழே இறங்கினால், தானாக இயங்கும் ரிலேக்கள் சில பகுதிகளின் மின்சாரத்தைத் துண்டித்து மற்றப் பகுதிகளைக் காப்பாற்றும். நோயாளியின் உயிரைக் காக்க ஒரு விரலை எடுப்பது போன்ற வேலை அது. 1990களில் தென்மாநிலங்களின் மின் கட்டமைப்பு 49க்கும் கீழே பல மணி நேரம் கிடந்த காலம் உண்டு. 2003ஆம் ஆண்டு முதல், அதிர்வெண் தாழ்ந்திருக்கும்போது ஒதுக்கீட்டுக்கு மேல் மின்சாரம் எடுத்தால் கூடுதல் விலை என்ற முறை தென்மாநிலங்களுக்கு வந்தது. அதன் பிறகே அந்த நாடி சீரடையத் தொடங்கியது.

திருவரங்கம் சொல்லும் பாடம்

திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் திருவரங்கம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் தீவு. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி நாளன்று விடியற்காலையில் பரமபத வாசல் திறக்கும் நேரத்தில் அந்தச் சிறு தீவில் இலட்சக்கணக்கான மக்கள் கூடுகிறார்கள். விடுதிகளில் இடம் கிடைப்பதில்லை. 1987ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி உயர இராஜகோபுரம் தொடங்கி உள்வீதிகள் வரை விளக்குகள். குடிநீருக்கு மோட்டார்கள், உணவுக் கடைகள், ஒலிபெருக்கிகள். மற்ற நாட்களில் உறங்கும் நேரத்தில் அந்த ஊர் பகலைப் போல மின்சாரம் கேட்கிறது.

ஆனால் அந்தத் தேவை யாரையும் திடுக்கிட வைப்பதில்லை. ஏன்? அது பஞ்சாங்கத்தில் எழுதியிருக்கிறது! இன்ன நாள், இன்ன வேளை என்று முன்கூட்டியே தெரியும். தெரிந்த தேவைக்கு ஏற்பாடு செய்ய முடியும். கல்யாணத்திற்கு ஆயிரம் பேர் வருவார்கள் என்று தெரிந்தால் ஆயிரம் பேருக்குச் சமைக்கலாம். ஐம்பது பேருக்கு உலை வைத்த வீட்டில் ஆயிரம் பேர் வந்து நின்றால்தான் தலைகுனிவு. ஆகவே, தேவை பெரியதாக இருப்பதை விட, அது சொல்லாமல் வருவதும், ஒரே கணத்தில் வருவதுமே மின்கட்டமைப்பை அதிகமாக வருத்துகின்றன.

தேர்த் திருவிழா ஊர்களில் இன்னொரு வழக்கம் உண்டு. தேர் நகரும் வீதிகளில் மின்கம்பிகளில் மின்சாரத்தை நிறுத்தி வைப்பார்கள். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சையை அடுத்த களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 உயிர்கள் பறிபோன கொடுமையை நாம் மறந்துவிடவில்லை. எனவே அந்த நிறுத்தம் உயிர் காக்கும் நிறுத்தம். ஆனால் அதன்பின் மின்சாரம் திரும்பும் நேரம் இருக்கிறதே, அது ஒரு சோதனை நேரம். அதைப் பற்றிச் சற்று நேரத்தில் பேசுவோம்.

தேநீரும் கால்பந்தும்

திடீர்த் தேவைக்கு உலகம் எடுத்துக்காட்டும் கதை ஒன்று உண்டு. 1990 ஜூலை 4. உலகக் கோப்பைக் கால்பந்தின் அரையிறுதியில் இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் மோதின. ஆட்டம் சமனாகிப் பெனால்ட்டி வரை சென்றது, இங்கிலாந்து தோற்றது. தொலைக்காட்சியின் முன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்த மக்கள் எழுந்தார்கள். தேநீருக்கு மின் கெட்டிலைப் போட்டார்கள். அந்தச் சில நிமிடங்களில் பிரிட்டனின் மின்தேவை 2,800 மெகாவாட் ஏறியது.

இத்தகைய கணங்களுக்கென்றே வேல்ஸ் நாட்டு மலைக்குள் டினோர்விக் என்ற நீர்மின் நிலையத்தை அவர்கள் 1984ஆம் ஆண்டில் திறந்திருந்தார்கள். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேல் ஏரிக்கு ஏற்றி வைப்பார்கள். தேவை எழும்போது கீழே விடுவார்கள். ஆயத்த நிலையில் சுழன்றுகொண்டிருக்கும் அந்த இயந்திரங்கள் 12 நொடியில் 1,320 மெகாவாட் தரக் கூடியவை.

நம் நாட்டிலும் ஒரு சோதனை நடந்தது. 2020 ஏப்ரல் 5, கொரோனா ஊரடங்குக் காலம். இரவு 9 மணிக்கு வீட்டு விளக்குகளை 9 நிமிடம் அணைக்கும்படி பிரதமர் கேட்டுக்கொண்டார். தேவை 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையலாம் என்று மின் கட்டமைப்பை நடத்துவோர் கணக்கிட்டனர். குறைந்ததோ ஏறக்குறைய 31,000 மெகாவாட்! பிறகு அத்தனையும் திரும்பி ஏற வேண்டும். நாடெங்குமுள்ள நீர்மின் நிலையங்களை ஆயத்தமாக வைத்து, இறங்கும்போது இறக்கி, ஏறும்போது ஏற்றி, அதிர்வெண்ணை 49.70க்கும் 50.26க்கும் இடையே காப்பாற்றினார்கள். எங்கும் இருள் சூழவில்லை. காரணம், இரண்டு நாட்களுக்கு முன்பே செய்தி தெரிந்திருந்தது. திருவரங்கத்துப் பாடமும் இதுதான்.

முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு பகுதி தன் பங்குக்கு மேல் மின்சாரம் எடுத்தால் என்னவாகும் என்பதை 2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வட இந்தியா கண்டது. தளர்ந்திருந்த மின்வழித்தடம் ஒன்றின் மேல் தாங்க முடியாத சுமை. அது துண்டிக்கப்பட்டதும் சுமை அடுத்த தடத்திற்குத் தாவியது. சீட்டுக்கட்டு போல் கட்டமைப்பு சரிந்தது. இரண்டாம் நாளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று கட்டமைப்புகளும் விழுந்தன. ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு இருண்டது. இரயில்கள் வழியில் நின்றன. சுரங்கங்களில் தொழிலாளர்கள் சிக்கித் தவித்தனர். அன்று தென்னகம் தப்பியது. ஏனெனில் நம் கட்டமைப்பு தனித்து இயங்கியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் தடத்தின் வழியே நாமும் ஒரே துடிப்பில் இணைந்துவிட்டோம். இப்போது காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே நாடி. ஒருவர் பலம் மற்றவர்க்குத் துணை. ஒருவர் தவறு மற்றவர்க்கும் சுமை.

நோன்பு திறக்கும் வேளை

தமிழ்நாட்டின் நிலைக்கு வருவோம். 2008 முதல் சில ஆண்டுகள் நாம் பட்ட மின்வெட்டுத் துன்பத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2012இல் பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்சாரம் இல்லை. அந்தப் பற்றாக்குறைக் காலம் கடந்தது. ஆனால் தேவை வளர்ந்துகொண்டே செல்கிறது. 2023 ஏப்ரல் 20 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 19,387 மெகாவாட்டைத் தொட்டது. அது ரமளானின் இறுதி நாட்கள். 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டை எட்டியது. அதற்குமுன் தமிழ்நாடு அந்த அளவைக் கண்டதில்லை. ஏறும் இந்தச் சுமையில் பெரும்பங்கு கோடைக்கால ஏ.சி.க்களுடையது.

வளைகுடா நாடுகளில் இருக்கும் நம் சபுராளிகளைக் கேட்டுப் பாருங்கள். எண்ணெய் வளத்தில் மிதக்கும் குவைத்தில்கூட 2024 ஜூன் மாதத்தில் வெப்பம் தாங்காமல் தேவை எகிறியபோது, சில பகுதிகளில் ஒன்று இரண்டு மணி நேரம் மின்சாரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. பணம் இருந்தால் மட்டும் போதாது. அந்த மணி நேரத்தில் கொடுக்கும் சக்தி இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் இன்று சூரிய ஒளியிலிருந்து பெருமளவு மின்சாரம் கிடைக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016ஆம் ஆண்டில் தொடங்கிய நிலையம் மட்டுமே 648 மெகாவாட் திறன் கொண்டது. நண்பகலில் மின்சாரம் தாராளம். கதிரவன் சாயச் சாய அது குறைந்து, மறையும்போது அடியோடு நின்றுவிடுகிறது. அதே கணத்தில் மஃரிப் பாங்கு ஒலிக்கிறது. நாம் நோன்பு திறக்கிறோம். விளக்குகள் எரிகின்றன, ஒளுச் செய்யும் தொட்டியை நிரப்ப மோட்டார் ஓடுகிறது. நம் வீடுகளில் மட்டுமல்ல, எல்லாச் சமுதாயத்தார் வீடுகளிலும் மாலை விளக்கு ஏற்றும் நேரமும் அதுவே. ஒரு பக்கம் வரத்து குறைகிறது, மறு பக்கம் செலவு ஏறுகிறது. மாலைப் பொழுதின் நெருக்கடி இதுதான்.

இந்த இடைவெளியை யார் நிரப்புவது? அனல்மின் நிலையம் ஆற அமர நடக்கும் யானை. குளிர்ந்து கிடக்கும் கொதிகலனைச் சூடாக்கி முழு அளவு மின்சாரம் எடுக்கப் பல மணி நேரமாகும். திருச்சியை அடுத்த திருவெறும்பூரில் 1960களிலிருந்து இயங்கும் பாரத மிகுமின் நிறுவனம் நாட்டின் எத்தனையோ அனல்மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்து கொடுத்தது. அங்கே வேலை பார்த்த உறவினர் உங்களுக்கு இருந்தால், ஒரு கொதிகலனை அவசரப்படுத்த முடியாது என்பதை அவர் சொல்வார்.

நீர்மின் நிலையமோ பந்தயக் குதிரை; மதகைத் திறந்த சில நிமிடங்களில் முழு வேகம் எடுக்கும். மேட்டூரில் விசைப்பொறியைச் சுழற்றிய அதே தண்ணீர்தான் பின்னர் முக்கொம்பில் காவிரியாகவும் கொள்ளிடமாகவும் பிரிந்து திருவரங்கத்தைச் சூழ்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் பாசனத்திற்கும் குடிநீருக்கும் உரியது. நினைத்த போதெல்லாம் திறக்க இயலாது. டினோர்விக் போலத் தண்ணீரை மேலேற்றிச் சேமிக்கும் நிலையம் கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் இருக்கிறது. அதன் திறன் 400 மெகாவாட்.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய முக்கால் கிலோவாட் எடுக்கும். மாநிலத்தில் பத்து இலட்சம் வீடுகளில் ஒரே நிமிடத்தில் மோட்டாரைப் போட்டால் 750 மெகாவாட். காடம்பாறை போன்ற நிலையம் இரண்டு இருந்தால்தான் அந்த ஒரு நிமிடத்தைத் தாங்க முடியும்! அந்தப் பத்து இலட்சத்தில் உங்கள் வீடும் ஒன்று, என் வீடும் ஒன்று.

தெருக்கோடியின் கணக்கு

நாடு தழுவிய கட்டமைப்பை அதற்குரிய பொறியாளர்கள் இரவு பகலாகக் கண்காணிக்கிறார்கள். ஆனால் உங்கள் தெருக்கோடியில் நிற்கும் மின்மாற்றியை நொடிக்கு நொடி பார்ப்பவர் யார்? அதற்கு நாம்தான் காவல்.

உயரழுத்தத்திலிருந்து 110, 33, 11 ஆயிரம் வோல்ட் என்று படிப்படியாக இறக்கப்பட்டு வரும் மின்சாரத்தை, கடைசியில் நம் வீட்டுக்கு ஏற்றதாக மாற்றுவது அந்தப் பெட்டி. 100 கே.வி.ஏ. அளவுள்ள மின்மாற்றி ஏறத்தாழ 90 கிலோவாட் சுமை தாங்கும். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று ஓடும்போது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவாட் எடுக்கும். ஆகவே அறுபது ஏ.சி.க்கள் ஒருசேர ஓடினால் அதோடு மின்மாற்றியின் சக்தி முடிந்தது. அதன்பின் மிக்ஸிக்கும் மோட்டாருக்கும் இடமில்லை.

ஆனால் சாதாரண நேரத்தில் அறுபது ஏ.சி.க்களும் ஒருசேர ஓடுவதில்லை. அறை குளிர்ந்ததும் ஒன்று ஓய்வெடுக்கும், இன்னொன்று ஓடும். ஃபிரிட்ஜும் அப்படியே. நமக்குத் தெரியாமலே இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு, முறை வைத்து இயங்குகின்றன. அந்த ஒழுங்கினால்தான் சிறிய மின்மாற்றி பெரிய தெருவைத் தாங்குகிறது.

மின்சாரம் ஒருமுறை நின்றுவிட்டால் இந்த ஒழுங்கு குலைகிறது. எல்லா அறைகளும் சூடாகிவிடுகின்றன. எல்லாத் தொட்டிகளும் காலியாகின்றன. மின்சாரம் திரும்பும் அந்த நொடியில் எல்லா ஏ.சி.க்களும், ஃபிரிட்ஜுகளும், மோட்டார்களும் ஒருசேரப் பாய்கின்றன. போதாக்குறைக்கு, சாதாரண மோட்டார் ஒன்று நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது ஓடும் நிலையில் எடுப்பதைப்போல் ஐந்து ஆறு மடங்கு மின்னோட்டத்தைச் சில நொடிகள் இழுக்கும். இந்த மொத்தப் பாய்ச்சலைப் பியூஸ் எப்படித் தாங்கும்? அது எரிந்துபோவது பழுதன்று. மின்மாற்றியைக் காக்கத் தன்னைப் பலியிடுகிறது. பியூஸ் போனால் சில நிமிடத் துன்பம். மின்மாற்றியே எரிந்துபோனால் வேறொன்று வந்து நிறுத்தும் வரை தெருவே காத்திருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் இரண்டு முறை பியூஸ் எரிந்ததன் காரணம் இதுவே. அதை எங்களுக்கு விளக்கியவர் அந்த லைன்மேன்தான். கோபப்படாமல் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: “நீங்கள் எல்லோரும் சுவிட்சைப் போட்டபடியே வைத்திருக்கிறீர்கள். நான் எத்தனை முறை கட்டினாலும் நிற்காது.”

பள்ளிவாசலில் இன்வெர்ட்டர் இருந்தது. மோதினார் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: ஏ.சி., மோட்டார், ஃபிரிட்ஜ், மின் அடுப்பு ஆகியவற்றின் சுவிட்சுகளை நிறுத்துங்கள்; ஒரு விளக்கும் ஒரு விசிறியும் போதும்; மின்சாரம் வந்த பின் பத்து நிமிடம் பொறுங்கள். இரண்டு இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டிச் சொன்னார்கள். லைன்மேன் மூன்றாம் முறை பியூஸைப் போட்டார். விளக்குகள் எரிந்தன. ஒரு நிமிடம் சென்றது. இரண்டு நிமிடம் சென்றது. மின்சாரம் நின்றது, நிலைத்தது. எதிர் வீட்டு அம்மாவின் கருவி ஓடும் மெல்லிய ஓசை திறந்திருந்த சன்னல் வழியே தெருவுக்குக் கேட்டது. அன்று நாங்கள் சிலர் பேரீச்சம்பழமும் தண்ணீருமாக ஸஹரை முடித்துக்கொண்டோம். அல்ஹம்துலில்லாஹ், அதில் எந்தக் குறையும் தெரியவில்லை.

நாம் செய்யக் கூடியவை

சகோதரிகளே, இல்லத்தின் சுவிட்சுகள் பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. மின்சாரம் நின்றவுடன் ஏ.சி., மோட்டார், மின் அடுப்பு, வெந்நீர் கருவி ஆகியவற்றின் சுவிட்சுகளை நிறுத்தி வையுங்கள். திரும்பியதும் முதலில் விளக்கும் விசிறியும். ஐந்து நிமிடம் கழித்து ஃபிரிட்ஜ். பத்து நிமிடம் கழித்து ஏ.சி. எல்லாவற்றுக்கும் கடைசியில் மோட்டார். இதனால் தெருவுக்கு மட்டுமா நன்மை? மின்சாரம் வந்த முதல் நிமிடங்களில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். அப்போது ஓடும் இயந்திரங்களே பழுதாகின்றன. உங்கள் பொருளும் காக்கப்படும்.

மாடித் தொட்டியை நண்பகலில் நிரப்பிவிடுங்கள். அப்போது சூரிய மின்சாரம் தாராளமாக இருக்கிறது. மாவு அரைப்பதையும் துணி தேய்ப்பதையும் சலவை இயந்திரத்தையும் மாலை ஆறு மணிக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். ஸஹர் துவையலை முதல்நாள் பகலிலேயே அரைத்து வைக்கலாம். ஏ.சி.யை 18இல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்வதில் என்ன பொருள்? 24க்கு மேல் வையுங்கள். ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிச்சமாகிறது என்று மின்சிக்கனத்திற்கான மத்திய அரசு அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. ஸஹருக்கு எழுந்ததும் ஆளில்லாத அறையின் ஏ.சி.யை நிறுத்திவிட்டு மிக்ஸியைப் போடுங்கள்.

ஜமாஅத் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிவாசலின் ஒளுத் தொட்டியைப் பாங்கு நேரத்திற்கு முன்பே, பகலிலேயே நிரப்பி வைக்கச் சொல்லுங்கள். தராவீஹ் தொழுகைக்காகப் புதிய ஏ.சி.க்கள் பொருத்தினால், பள்ளிக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமையை முறைப்படி உயர்த்திக்கொள்ளுங்கள். நிக்காஹ் வீட்டின் அலங்கார விளக்குகளுக்கும் கந்தூரி விழாக்களுக்கும் தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பியுங்கள்; கம்பத்தில் கொக்கி மாட்டும் வழக்கம் உயிருக்கு ஆபத்து, பிறர் பொருளை எடுத்த பாவமும் சேரும். தெருவில் அடிக்கடி பியூஸ் போகிறதென்றால், எத்தனை வீடுகள், எத்தனை ஏ.சி.க்கள் என்று கணக்கெடுத்து, எல்லாச் சமுதாயத்தாரும் கையெழுத்திட்டுப் பெரிய மின்மாற்றி கேட்டு மனுக் கொடுங்கள். தேவை எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்வதுதான் திருவரங்கத்துப் பாடம் என்பதை மறவாதீர்கள்.

இவையெல்லாம் வீட்டார் மட்டுமே சுமக்க வேண்டிய கடமையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. போதிய மின்மாற்றிகள், உறுதியான கம்பிகள், சேமிக்கும் நிலையங்கள் ஆகியவற்றை அமைப்பது அரசின் கடமை. அதைக் கேட்பது நம் உரிமை. ஆனால் புதிய நிலையம் கட்டப் பல ஆண்டுகள் ஆகும். எதிர் வீட்டு அம்மாவின் மூச்சு அத்தனை ஆண்டுகள் காத்திருக்குமா?

ஒளுச் செய்யும் நீரில்கூட விரயம் கூடாது என்று சிறு வயதிலிருந்தே கற்றவர்கள் நாம். அண்டை வீட்டாரின் உரிமை எத்தகையது என்பதும் நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதன்று. சுவரைத் தாண்டியும் தெருவைக் கடந்தும் செல்லும் அந்த உரிமை, இந்தக் காலத்தில் ஒரு மின்கம்பியின் வழியாகவும் செல்கிறது. நாள் முழுவதும் பசியைப் பொறுக்கப் பழகிய நமக்கு, மின்சாரம் வந்த பின் பத்து நிமிடம் பொறுப்பது பெரிய காரியமா?

அடுத்த முறை உங்கள் தெருவில் விளக்கு அணைந்தால், யாரைக் குறைகூறலாம் என்று தேடுவதற்கு முன் எழுந்து சென்று உங்கள் வீட்டுச் சுவிட்சுகளை நிறுத்துங்கள். பிறகு அண்டை வீட்டுக் கதவைத் தட்டி அவர்களிடமும் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், வெளிச்சம் சீக்கிரம் வரும், வந்தது நிலைக்கும்.